நாவின் கடிவாளம்: ஆணையிட மறுத்த குவேக்கர்களும் உறுதிமொழியின் வரலாறும்

பதவியேற்பு விழாக்களில் சிலர் ஆண்டவன் மீது ஆணையிடுகின்றனர். சிலர் உளமார உறுதி கூறுகின்றனர். இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்து, தேர்வைப் பதவியேற்பவரிடமே விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் வடிவம் பகுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்தே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. கடவுளை ஏற்காதவருக்குச் சட்டம் அளித்த சலுகை அது என்பது பொதுவான கருத்து. வரலாறோ வேறு வகையாக அமைந்துள்ளது. ஆங்கிலச் சட்டத்தில் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி இடம்பெற்றது கடவுளை மறுத்தவர்களுக்காக அன்று. கடவுளின் பெயரால் ஆணையிடுவதே பாவம் என்று நம்பிய கிறித்தவர்களுக்காக 1696ஆம் ஆண்டில் அது முதன்முதலில் இயற்றப்பட்டது. அச்சட்டத்துக்குப் பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சிறைவாசம் உண்டு. நாவை அடக்குவதே மெய்யான விசுவாசத்தின் அடையாளம் என்ற பழைய கிறித்தவப் போதனையை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து பார்க்க முனைந்தவர்களின் கதை அது.

போதனையின் பழமை

நாவடக்கம் பற்றிய கிறித்தவச் சிந்தனைக்கு அடிப்படையான நூல் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபம். தன்னைத் தேவபக்தியுள்ளவன் என்று எண்ணிக்கொண்டு நாவுக்குக் கடிவாளமிடாதவனின் பக்தி வீண் என்று அதன் முதல் அதிகாரம் உரைக்கிறது. மூன்றாம் அதிகாரம் நாவைக் குதிரையின் கடிவாளத்தோடும் கப்பலின் சுக்கானோடும் காட்டை எரிக்கும் சிறு பொறியோடும் ஒப்பிடுகிறது. ஐந்தாம் அதிகாரம், மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவை அடியொற்றி, வானத்தின் பேரிலோ பூமியின் பேரிலோ ஆணையிடுதலைத் தடுத்து, ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களே போதும் என்கிறது.

இப்போதனையைத் திருச்சபை பல வகையாகக் கையாண்டது. பேசாதிருக்கக் கற்றுக்கொள்வதற்காக ஆகத்தோன் என்னும் எகிப்தியப் பாலைவனத் துறவி மூன்றாண்டுகள் வாயில் ஒரு கல்லை வைத்திருந்தார் என்ற மரபுச் செய்தி உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்குநூலின் ஆறாம் அதிகாரம் மௌனத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவியான பெரால்டுஸ் நாவின் பாவங்களை இருபத்து நான்காக வகைப்படுத்தினார். ஆங்கிலப் பியூரிட்டன் இறையியலாளர் வில்லியம் பெர்க்கின்ஸ் 1593இல் நாவை ஆளும் முறை குறித்துத் தனி நூலே எழுதினார்.

ஆணையிடுதல் பற்றிய பகுதி மட்டும் பெரும்பாலும் விதிவிலக்காகவே விடப்பட்டது. வீண் ஆணைகளே தடுக்கப்பட்டவை, அரசனும் நீதிபதியும் கேட்கும் ஆணை முறையானதே என்று கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள் இரண்டுமே விளக்கமளித்தன. வால்டென்சியர்களும் அனாபாப்டிஸ்டுகளும் இவ்விளக்கத்தை ஏற்க மறுத்துத் துன்புற்றனர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே மறுப்பை ஒரு வெகுமக்கள் இயக்கமாக மாற்றியவர்கள் குவேக்கர்கள்.

ஒரு சொல்லின் எடை

இயக்கத்தின் முதன்மைத் தலைவரான ஜார்ஜ் ஃபாக்ஸ் 1624இல் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பழகினார். அந்த முதலாளி கம்பளி வணிகமும் கால்நடை வணிகமும் செய்து வந்தார். அக்காலத்தைப் பற்றி ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் தரும் செய்தி ஒன்று கவனத்துக்குரியது. வணிகப் பேச்சில் அவர் ‘மெய்யாகவே’ என்ற ஒரு சொல்லைப் பயன்படுத்துவதுண்டாம்; ஜார்ஜ் அச்சொல்லைச் சொல்லிவிட்டால் பிறகு அவரை அசைக்க முடியாது என்று அறிந்தவர்கள் பேசிக்கொள்வார்களாம். பிற்காலக் குவேக்கர் ஒழுக்கத்தின் கரு முழுவதும் இங்கேயே உள்ளது. நாவடக்கம் என்பது பேசாதிருத்தல் மட்டுமன்று. பேசிய சொல்லிலிருந்து பின்வாங்க வழி வைக்காதிருத்தலும் ஆகும்.

1650இல் டார்பி நகரில் தெய்வநிந்தனைக் குற்றத்துக்காக ஃபாக்ஸ் சிறையிடப்பட்டார். கர்த்தருடைய சொல்லுக்கு நடுங்குமாறு அவர் கூறியதைக் கேட்ட நீதிபதி, ‘நடுங்குபவர்கள்’ என்னும் பொருளில் ஏளனமாகச் சூட்டிய பெயரே ‘குவேக்கர்’ என்று ஃபாக்ஸ் பதிவு செய்துள்ளார். 1652இல் வடமேற்கு இங்கிலாந்தில் உழவர், கைவினைஞர், பணிப்பெண்கள், சிறுவணிகர் எனப் பலரும் திரண்டு வந்து சேர்ந்த பிறகே அது இயக்கமாயிற்று. அவர்களது வழிபாட்டில் குருவுக்கும் பீடத்துக்கும் இடமில்லை. எழுதி வைத்த மன்றாட்டும் இல்லை. கூடி அமைதியாக அமர்ந்திருப்பர். உள்ளத்துள் தூய ஆவியின் ஏவல் தோன்றுமானால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். தோன்றாவிடில் ஒரு சொல்லுமின்றி எழுந்து போவர். பேசும் விருப்பத்தையும் பேசவேண்டிய கட்டாயத்தையும் பிரித்தறிவதே இவ்வழிபாட்டின் மையப் பயிற்சி. மானிட விருப்பத்தால் எழும் சொல் எவ்வளவு பக்தி மணம் கமழ்ந்தாலும் அது பொய்யே என்று அவர்கள் கருதினர்.

இதே அளவுகோல் சந்தைக்கும் சென்றது. பத்துப் பணம் வேண்டுபவர் பதினைந்து கேட்டுப் பன்னிரண்டில் முடிப்பது எங்கும் உள்ள பேரம். குவேக்கர் பார்வையில் முதலில் கேட்ட பதினைந்து ஒரு பொய். எனவே ஒரே விலை சொன்னார்கள், அதிலிருந்து இறங்கவில்லை. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள் என்றும், ஒரு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றப்படாது என்பது தெரிந்த பிறகு திரும்பி வந்தார்கள் என்றும் ஃபாக்ஸ் எழுதுகிறார். புராட்டஸ்டண்ட் பிரிவுகளைப் பற்றிய கட்டுரையில் மாக்ஸ் வெபர் இவ்வொரே விலைப் பழக்கத்தைத் தனியே எடுத்துக்காட்டுகிறார்.

நீயும் நீங்களும்

குவேக்கர்களின் பேச்சு நெறிகளுள் அன்றாடம் மிகுந்த சினத்தை மூட்டியது முன்னிலைப் பெயரைப் பற்றியது. இதை விளங்கிக்கொள்வது தமிழருக்கு எளிது. அக்கால ஆங்கிலத்தில் ஒருமை முன்னிலையான ‘தௌ’ தாழ்ந்தவர்க்கும் நெருங்கியவர்க்கும் உரியதாகச் சுருங்கி, பன்மையான ‘யூ’ உயர்ந்தவரை விளிக்கும் மரியாதைச் சொல்லாகிவிட்டிருந்தது. குவேக்கர்கள் அனைவரையும், நீதிபதியையும் பிரபுவையும்கூட, ‘தௌ’ என்றே விளித்தனர். ஒருவரைப் பலர்போல் அழைப்பது உண்மையன்று என்பது அவர்கள் கூறிய முதற்காரணம். ரோமப் பேரரசர்களின் செருக்கால் புகுந்த வழக்கு இது என்பது இரண்டாவது. மன்றாட்டில் கடவுளை ஒருமையில் விளிக்கும் மனிதர் தமக்கு மட்டும் பன்மை கேட்பது கேலிக்குரியது என்பது மூன்றாவது. ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி மூவரும் பல மொழிகளின் ஒருமை பன்மை வடிவங்களைத் திரட்டி 1660இல் ஒரு பெரிய இலக்கண நூலையே இதற்காக வெளியிட்டனர்.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே, இலக்கண நெறியில் அமைந்ததன்று என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கமும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் தொல்காப்பியம் அவ்வழக்கைக் கண்டிக்கவில்லை. அதன் இடத்தை வரையறுத்து அமைகிறது. குவேக்கர்கள் அதே வேறுபாட்டைப் பாவத்துக்கும் மெய்ம்மைக்குமான வேறுபாடாக மாற்றினார்கள். இலக்கணப் பிழையை ஆன்மிகப் பிழையாகக் கண்டதில்தான் அவர்களின் தனித்தன்மை உள்ளது.

அதற்கான விலை வீட்டுக்குள்ளேயே தொடங்கியது. பிற்காலத்தில் மில்டனின் நண்பராக அறியப்பட்ட தாமஸ் எல்வுட், குவேக்கரான பின் தந்தையின் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார். அவரை ஒருமையில் விளித்தார். தந்தை அடித்தார், தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டார். எல்வுட்டின் தன்வரலாறு இதை விரிவாகச் சொல்கிறது. அவர் தந்தையை மதிக்காதவர் அல்லர். அந்தத் துயரம் அவர் எழுத்தில் தெளிவாகவே புலப்படுகிறது. மரியாதைச் சொல்லை மறுப்பவர் அன்பையும் மறுக்கிறார் என்று சமூகம் எடுத்துக்கொள்ளும்போது, உண்மை பேசுதலே கொடுஞ்செயலாகத் தோன்றிவிடுகிறது. இந்தச் சிக்கலுக்குக் குவேக்கர்களிடம் முழுமையான விடை இருக்கவில்லை.

பிறர் இட்ட கடிவாளம்

நாவை அடக்குதல் என்ற சொற்றொடருக்கு அக்கால இங்கிலாந்தில் இரும்பாலான பொருளும் உண்டு. அடங்காத பெண்களின் தலையில் மாட்டப்பட்ட இரும்புக் கூண்டுக்குப் பெயரே கடிவாளம். நாவை அழுத்தும் தகடு ஒன்று அதில் இருக்கும். டாரத்தி வா என்னும் குவேக்கர் பெண் 1655 வாக்கில் கார்லைல் நகரச் சந்தையில் வஞ்சகத்துக்கு எதிராகப் பேசியபோது, மேயரின் ஆணையால் அவருக்கு இக்கடிவாளம் பூட்டப்பட்டது. அவரே சொன்ன அந்த விவரம் 1656இல் அச்சாயிற்று. அக்கருவியை அணிந்தவர் ஒருவரின் வாய்மொழியாகக் கிடைக்கும் மிக அரிய சான்று அது.

யாக்கோபின் கடிவாளமும் கார்லைல் மேயரின் கடிவாளமும் ஒன்றல்ல. முன்னது தன் நாவைத் தானே ஆள்வது. பின்னது பிறர் நாவை அதிகாரம் ஆள்வது. நாவடக்கம் பற்றிய பெரும்பாலான போதனைகள் இவ்விரண்டையும் கலந்துவிடுகின்றன. அடங்கவேண்டியவர் யார் என்ற வினா எழும்போது அவை பெண்களையும் வேலைக்காரர்களையும் நோக்கியே விரல் நீட்டுகின்றன. குவேக்கர்களின் மௌன வழிபாடு இக்கலப்பைப் பிரித்தது. ஆண் பெண் அனைவரும் ஒரே அமைதிக்குக் கட்டுப்பட்டனர். ஆகவே அனைவருக்கும் அதைக் கலைக்கும் உரிமையும் ஒன்றாயிற்று. மார்கரெட் ஃபெல் 1666இல் பெண்கள் சபையில் பேசுவதை ஆதரித்து எழுதிய நூல் இத்தருக்கத்தின் நேரடி விளைவு. அந்நூலை அவர் எழுதியது சிறையில் இருந்தபடியே.

பத்தாண்டுகளுக்கு முன் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இயக்கத்தையே உலுக்கியிருந்தது. 1656 அக்டோபரில், ஃபாக்ஸுக்கு இணையான செல்வாக்குடைய ஜேம்ஸ் நெய்லர், கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்ததை நினைவூட்டும் வகையில் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் நுழைந்தார். உடன் சென்றவர்கள் துதி பாடினர். நாடாளுமன்றம் பல நாள் விவாதித்தது. மரண தண்டனைத் தீர்மானம் 82க்கு 96 என்ற வாக்குகளில் தோற்றது. மாற்றாகச் சவுக்கடி கொடுத்து, நெற்றியில் நிந்தனைக் குறியைச் சுட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவர் நாவைத் துளைத்தனர். உள்ளொளியின் ஏவல் என்று எவரும் எதையும் சொல்லிவிட முடியுமா என்ற வினாவைக் குவேக்கர்கள் அதன்பின் தவிர்க்க முடியவில்லை. தனியொருவரின் பேச்சைக் கூட்டம் சீர்தூக்கிப் பார்க்கும் அமைப்புமுறைகள் பின்வந்த ஆண்டுகளில் வலுப்பெற்றதற்கு இந்நிகழ்ச்சியின் நினைவும் ஒரு காரணம். தன்னடக்கம் கூட்டடக்கமாக மாறத் தொடங்கியது.

ஆணையும் சிறையும்

1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதிக்குப் பின், கத்தோலிக்கர்களை இனங்காண்பதற்காக அரசப் பற்றுறுதி ஆணை இயற்றப்பட்டது. 1660இல் முடியாட்சி மீண்டதும் அதே ஆணை குவேக்கர்களைப் பிடிக்கும் பொறியாயிற்று. அவர்களைக் குற்றவாளிகளாக்க வேறு சான்று தேவைப்படவில்லை. நீதிபதி ஆணையிடச் சொன்னால் போதும், மறுப்பே குற்றம். 1661 சனவரியில் தாமஸ் வென்னர் தலைமையில் ஒரு சிறு தீவிரக் குழு லண்டனில் கலகம் செய்தபோது, அதில் தொடர்பில்லாத குவேக்கர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1662ஆம் ஆண்டுச் சட்டம், ஆணை மறுப்பையும் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி வழிபடுவதையும் தண்டத்துக்குரியனவாக்கியது. மூன்றாம் முறை குற்றம் செய்தால் நாடு கடத்தலாம்.

அதினும் கொடியது ‘ப்ரெமுனைரி’ என்ற பழைய தண்டனை. அது விதிக்கப்பட்டவரின் சொத்து முழுவதும் அரசனுக்குச் சேரும். அரசன் விரும்பும்வரை அவர் சிறையிலிருக்க வேண்டும். நீதிபதி தாமஸ் ஃபெல்லின் கைம்பெண்ணான மார்கரெட் ஃபெல்லுக்கு 1664இல் லங்காஸ்டரில் இத்தண்டனை விதிக்கப்பட்டது. 1668 வரை அவர் சிறையிலிருந்தார். பிரான்சிஸ் ஹௌகில் அதே ஆண்டில் அதே தண்டனை பெற்று, 1669இல் ஆப்பில்பி சிறையிலேயே இறந்தார். லங்காஸ்டர் நீதிமன்றத்தில் ஃபாக்ஸின் கையில் விவிலியத்தைக் கொடுத்து ஆணையிடச் சொன்னபோது, ஆணையிடாதே என்று இந்நூலே சொல்கிறதே, பிறகு நூலை ஏன் சிறையிலடைக்காமல் விட்டீர்கள் என்ற பொருளில் அவர் விடையளித்தார். அவையோரைச் சிரிக்க வைத்திருக்கக்கூடிய அவ்விடைக்குக் கிடைத்தது நீண்ட சிறை.

குவேக்கர்கள் அரசனுக்கு உண்மையாக இருக்க மறுக்கவில்லை. உண்மையாக இருப்போம் என்று எழுதித் தரவும் சொல்லவும் அவர்கள் அணியமாகவே இருந்தனர். ஆணை என்ற வடிவம் மட்டுமே அவர்களுக்குத் தடை. ஒரு சிறு சடங்குச் சொல்லுக்காக நிலத்தையும் மாட்டையும் தறியையும் இழப்பது பிடிவாதமாகவே அயலாருக்குத் தோன்றியது. அவர்களின் வாதமோ எளிமையானது. ஆணையிட்டுச் சொல்வது கூடுதல் உண்மை என்றால், ஆணையில்லாமல் சொல்வது குறைந்த உண்மையாகிறது. நீதிமன்றத்தில் ஓர் உண்மையும் அடுக்களையில் வேறோர் உண்மையும் இருப்பதை ஆணைமுறை ஏற்றுக்கொள்கிறது. எல்லாச் சொல்லும் கடவுளின் செவியில் விழுகிறது என்று நம்புபவன், ஒரு சொல்லுக்கு மட்டும் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது ஏன்? சிறையாளிகளின் இத்தருக்கத்துக்கு இராபர்ட் பார்க்லே 1676இல் லத்தீனில் வெளியிட்ட விளக்கநூல் இறையியல் வடிவம் தந்தது.

வணிகத்திலும் குடும்பச் சொத்துரிமையிலும் இம்மறுப்பின் விளைவு நீடித்தது. ஆணையிடாதவரால் உயில் மெய்ப்பிக்கவோ கடனுக்கு வழக்காடவோ இயலவில்லை. பாதிப்புகளைத் தொகுத்து அரசிடம் முறையிட 1670களில் லண்டனில் ‘துன்பங்களுக்கான கூட்டம்’ என்றே ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. ஊர்தோறும் திரட்டப்பட்ட இப்பதிவுகளின் பெருந்தொகுப்பை ஜோசஃப் பெஸ் 1753இல் வெளியிட்டார்.

1696 முதல் 1969 வரை

விடாத முறையீட்டின் பயனாக 1696இல் குவேக்கர்கள் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூறச் சட்டம் இடமளித்தது. பொய்யுறுதி கூறினால் பொய்ச்சத்தியத்துக்குரிய தண்டனையே உண்டு. அதாவது வெறுஞ்சொல்லின் எடையும் ஆணையின் எடையும் ஒன்றே என்பதைச் சட்டம் ஏற்றது. எனினும் குற்ற வழக்குகளில் சாட்சியம், நடுவர் குழு, ஊதியமுள்ள அரசுப் பதவி ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. வாசகத்தில் எல்லாம் வல்ல கடவுளைச் சாட்சியாகக் குறிக்கும் தொடர் ஒன்றும் எஞ்சியிருந்தது. இது பெயர் மாற்றிய ஆணையே என்று ஒரு சாராரும், இதுவே போதும் என்று மற்றொரு சாராரும் கால் நூற்றாண்டு காலம் பிளவுபட்டு நின்றனர். 1722இல் அத்தொடர் நீக்கப்பட்டது. 1833இல் ஜோசஃப் பீஸ் உறுதிமொழி கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாத்திகர் சார்லஸ் பிராட்லா 1886 வரை போராடி இடம்பெற்ற பிறகு, 1888ஆம் ஆண்டுச் சட்டம் மதநம்பிக்கை இல்லாதவருக்கும் உறுதிமொழியைப் பொதுவாக்கியது. பக்தர்கள் சிறையிலிருந்து வென்ற உரிமையை நாத்திகர் மரபுரிமையாகப் பெற்றார்.

இந்தியாவில் இவ்வரலாறு வேறொரு பாதையில் வந்து சேர்கிறது. 1744இல் ஓமிசந்த் வழக்கில், இந்துச் சாட்சிகள் தம் வழக்கப்படி இட்ட ஆணையை ஆங்கில நீதிமன்றம் ஏற்கலாம் என்று ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் முறையில் ஆணையிடட்டும் என்பது இத்தீர்ப்பின் வழி. கும்பினி நீதிமன்றங்களில் கங்கை நீரையும் குர்ஆனையும் கொண்டு ஆணையிடுவித்தது இவ்வழியின் நீட்சியே. ஆனால் மெய் சொல்ல அணியமாக இருந்தவர்களே அச்சடங்குக்கு அஞ்சினர். அது மனச்சான்றுக்கு ஒவ்வாததாகவும் நீதிக்கு இடையூறாகவும் இருப்பதைக் காரணம் காட்டி, 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழியை விதித்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்ததோடு, ஆணையிட மறுப்புடைய எவருக்கும் அதை விரித்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் எந்தச் சாட்சியும் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று நேராகவே வகுத்தது. ஆணையைப் பன்மைப்படுத்துவது ஒரு வழி; ஆணையை விட்டுவிடுவது மற்றொரு வழி. பல சமயங்கள் வாழும் நாட்டில் முதல் வழி முட்டிக்கொண்டபோது, ஒரு சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவின் வடிவம் பொதுவடிவமாகப் பயன்பட்டது.

அடையாளம் வெறுமையாகும்போது

வெற்றியோடு இக்கதையை முடிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சிறைத் துன்பம் ஓய்ந்த பதினெட்டாம் நூற்றாண்டில் எளிய பேச்சு குலச்சின்னமாக இறுகியது. குவேக்கர் வீட்டில் பிறந்த குழந்தை ‘முதல் நாள்’, ‘மூன்றாம் மாதம்’ என்று கிழமைகளையும் திங்கள்களையும் எண்ணால் குறிக்கப் பழகியது. பழைய தெய்வப் பெயர்கள் அதன் நாவில் ஏறா. ஒரு காலத்தில் அடி வாங்கித் தந்த ஒருமை விளி, இப்போது குழுவுக்குள் இருப்பதைக் காட்டும் எளிய அடையாளம். பதினேழாம் நூற்றாண்டுக் குவேக்கர் பேச்சை ஆராய்ந்து ரிச்சர்ட் பாமன் 1983இல் வெளியிட்ட நூல், தீர்க்கதரிசனத் துடிப்பு வழக்கமாகிப் போகும் இம்மாற்றத்தையும் தொட்டுச் செல்கிறது.

இதைவிடக் கடுமையான வினா ஒன்று உண்டு. ஒரே விலை சொல்லி, ஆணையிடாமல், மிகைச் சொல் பேசாமல் வாழ்ந்த பென்சில்வேனியா, பார்படோஸ் குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். அவர்களின் கணக்கேடுகளில் பொய் இருந்திராது. அதே ஏடுகளில் மனிதர்கள் சரக்காக எழுதப்பட்டிருந்தனர். 1688இல் ஜெர்மன்டௌன் குடியேறிகள் நால்வர் ஒப்பமிட்டு எழுதிய எதிர்ப்பு மடல் கூட்டத்துக்குக் கூட்டம் மேலே அனுப்பப்பட்டு, இறுதியில் முடிவின்றிக் கிடப்பில் போடப்பட்டது. நாவைக் காத்தவர்கள் இக்கொடுமை பற்றி வாய் திறக்காமலும் இருந்துகொண்டனர். மௌனம் பக்தியாகவும் இருக்கலாம், உடன்பாடாகவும் இருக்கலாம். இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தோன்றும்.

இந்த முடிச்சைத் தன் வாழ்வில் அவிழ்க்க முயன்றவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் வுல்மன். இளமையில் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து பேசியவர், தமக்கு அருளப்பட்டதற்கு மேலாகச் சில சொற்கள் சொல்லிவிட்டதாக உணர்ந்து பல வாரங்கள் மனம் வருந்தியதை நாட்குறிப்பில் எழுதுகிறார். சில சொற்கள் கூடியதற்கே அவ்வளவு வருந்திய அதே மனிதரிடம், சில காலத்துக்குப்பின் அவருடைய முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் ஆவணத்தை எழுதச் சொன்னார். வுல்மன் எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, அடிமை வைத்திருத்தல் கிறித்தவத்துக்கு ஒவ்வாதது என்று தாம் நம்புவதாக முதலாளியிடமும் வாங்குபவரிடமும் சொன்னார். சொன்னது அவரை அமைதிப்படுத்தவில்லை. எழுதிய கை எழுதியதுதானே. பின்னர் அடிமைகளைச் சொத்தாகக் குறிக்கும் உயில்களை எழுத அவர் மறுத்தார். கூலியையும் அண்டை வீட்டாரின் நட்பையும் அதனால் இழக்க நேரலாம் என்பதை அறிந்தே மறுத்தார். அடிமை உரிமையாளர்களின் வீடுகளுக்குச் சென்று, வசைமொழி இல்லாமல் தனியே அமர்ந்து பேசினார்.

1758இல் பிலடெல்ஃபியா ஆண்டுக்கூட்டம் அடிமை உரிமையாளர்களைச் சந்தித்து வற்புறுத்தக் குழு அமைத்தது. 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களை உறுப்பினரல்லாதாராக்கத் துணிந்தது. 1787இல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் குழுவைத் தொடங்கிய பன்னிருவரில் ஒன்பதின்மர் குவேக்கர்கள். இம்மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. வுல்மன் ஒருவரால் நிகழ்ந்ததன்று. ஆனால் சொல்லடக்கத்தின் பொருள் அவரிடம் மாறியதை மறுக்க முடியாது. தேவையற்ற சொல்லைத் தவிர்ப்பவருக்குத் தேவையான சொல்லைச் சொல்லும் கடனும் உண்டு. எழுதக்கூடாத சொல்லை எழுத மறுக்கும் கடனும் உண்டு.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் நாவடக்கம் பற்றிய வசனத்தை அடுத்து உடனே வருவது, துன்புறும் அநாதைகளையும் விதவைகளையும் ஆதரிப்பதே மாசற்ற பக்தி என்னும் வசனம். நாவடக்கத்தைப் போற்றிய நூல்கள் பலவும் முதல் வசனத்தோடு நின்றுவிட்டன. குவேக்கர்களும் இரண்டாம் வசனத்தை அடிமைகளோடு சேர்த்துப் படிக்க நூறாண்டு எடுத்துக்கொண்டனர். இன்று உளமார உறுதி கூறும் எவரும் அறிந்தோ அறியாமலோ அவர்களின் முதற்பாதி வெற்றியைப் பயன்படுத்துகிறார். ஆணையில்லாத வெறுஞ்சொல்லுக்கும் முழு எடை உண்டு என்பது சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. அந்த எடையைச் சுமக்கும் வாழ்வு ஒன்று பின்னால் இருக்கவேண்டும் என்பதை எந்தச் சட்டத்தாலும் விதிக்க இயலவில்லை.